மரத்துப் போகாத கை

போன மாதம் நம் மருத்துவமனையின் பிசியோதெரபி பிரிவில் என்னைத் தேநீருக்குக் கூப்பிட்டிருந்தீர்கள். அப்போது உங்களில் ஒருத்தி கேட்டாள்: "மேடம், சைக்கிள் ஓட்டறவங்க நிறைய பேர் கை மரத்துப் போகுதுன்னு வர்றாங்க. கிளவுஸ் போடுங்க, ஹேண்டிலை ஏத்துங்கன்னு சொல்லி அனுப்பறோம். பாதிப் பேருக்குச் சரியாகுது. மீதிப் பேருக்கு ஏன் ஆக மாட்டேங்குது?"

அன்றைக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தீர்கள். அந்தக் கேள்விக்கு இரண்டு வரியில் பதில் சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. ஓய்வு பெற்ற பிறகு என்னிடம் நேரம் இருக்கிறது. அதனால் எழுதுகிறேன். நரம்பு எங்கே ஓடுகிறது, எந்தத் தசைக்கு என்ன பயிற்சி என்பதெல்லாம் உங்களுக்குப் பாடமாகவே இருக்கும். நான் சொல்லப்போவது ஒரு மனிதரின் வலது கையைப் பற்றி. அதைவிட அதிகமாக அவருடைய இடது கையைப் பற்றி.

அவர் பெயர் தாமோதரன். எல்லோருக்கும் தாமு. மந்தைவெளியில் ஒரு சலூனில் முடி வெட்டுபவர். ஒரு புதன்கிழமை காலை மனைவி கஸ்தூரியோடு என் அறைக்கு வந்தார். கோப்பில் எல்லாம் தெளிவாக எழுதியிருந்தது. வலது கையில் சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப் போகின்றன. பிடியில் பலம் குறைந்திருக்கிறது. முழங்கையில் நரம்பு அழுந்துகிறது. அடுத்த வாரம் அறுவை சிகிச்சை. அதற்கு முன் கையின் பலத்தை அளந்து எழுதிவைக்க வேண்டும். அதற்குப் பிறகு செய்ய வேண்டிய பயிற்சிகளைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். என் வேலை அவ்வளவுதான்.

அனுப்பியிருந்தவர் நம் மருத்துவமனையின் கை அறுவை மருத்துவர். வயதில் என்னைவிட இளையவர், அளந்துதான் பேசுவார். அவர் கை வைத்தவர்கள் நன்றாக இருப்பதை நான் பல வருடம் பார்த்திருக்கிறேன். முழங்கை என்று அவர் நினைத்ததற்குக் காரணமும் இருந்தது. முடி வெட்டுபவர் நாள் முழுவதும் முழங்கையை மடக்கித் தூக்கி வைத்துக்கொண்டு வேலை செய்கிறார். நரம்புப் பரிசோதனையிலும் முழங்கை அருகே கொஞ்சம் மந்தம் தெரிந்திருந்தது. யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

"விரல்ல என்ன கஷ்டம், சொல்லுங்க" என்றேன்.

தாமு சட்டைப் பையிலிருந்து துணியில் சுற்றிய கத்திரியை எடுத்தார். "வாயால சொல்றதவிட காட்டிர்றேன் மேடம். கத்திரிய ஓட்டறது கட்ட வெரலு. தாங்கறது இந்த மோதர வெரலு. சுண்டு வெரலு இந்த வாலு மேல ஒக்காரணும். இப்ப அது எங்க ஒக்காந்துக்கினு கீதுன்னே தெரில. கண்ணால பாத்தாதான் தெரியுது."

"ஒரு கஸ்டமருக்குக் காதுல பட்டுடிச்சிம்மா" என்றாள் கஸ்தூரி. "அந்த ஆளு பெரிய மனசு, ஒண்ணும் சொல்லல. ஆனா அதுலேருந்து இது கத்தியத் தொடறதே இல்ல. மெசின்ல முடியற வேலையா பாத்துப் பாத்து செஞ்சிக்கினு கீது. கட ஓனரும் மூஞ்ச ஒரு மாதிரி வச்சிக்கினு பாக்கறாரு."

கணவரை 'இது' என்றுதான் அவள் கடைசி வரை சொன்னாள். அதில் அவ்வளவு அக்கறை இருந்தது.

நான் பஞ்சை நூலாகத் திரித்து விரல்களைத் தொட்டுப் பார்த்தேன். கண்ணை மூடச் சொல்லி, தொடும்போதெல்லாம் சொல்லுங்கள் என்றேன். சுண்டு விரலின் உள்ளங்கைப் பக்கத்தில் தொட்டபோது அவர் எதுவும் சொல்லவில்லை. மோதிர விரலில் பாதி தெரிந்தது, பாதி தெரியவில்லை. கையைத் திருப்பிப் புறங்கையில், அதே சுண்டு விரலுக்கு மேலே, லேசாகத் தொட்டேன்.

"தொட்டீங்க" என்றார் உடனே.

இன்னொரு இடத்தில் தொட்டேன். "தொட்டீங்க." பஞ்சின் நுனியை ஏறக்குறைய காற்றில் பிடித்தேன். "இப்பவும் தொட்டீங்க மேடம்."

உங்களுக்கு இது ஏன் எனக்கு விசித்திரமாக இருந்தது என்று புரியும். முழங்கையிலிருந்து இறங்கி வரும் அந்த நரம்பு, மணிக்கட்டை எட்டுவதற்கு முன்பே புறங்கைக்கு ஒரு கிளையைப் பிரித்து அனுப்பிவிடுகிறது. முழங்கையில் அழுத்தம் என்றால் புறங்கையும் சேர்ந்து மந்தமாகியிருக்க வேண்டும். அது பளிச்சென்று இருந்தது. அப்படியானால் அழுத்தம் கிளை பிரிந்த பிறகு, மணிக்கட்டுக்குக் கீழே, உள்ளங்கையின் அடியில் எங்கோ இருக்க வேண்டும். ஆனால் முடி வெட்டுபவரின் உள்ளங்கை அடியை அழுத்துவது எது? கத்திரி அங்கே படுவதே இல்லை.

அப்போதுதான் அவருடைய பேண்ட்டின் அடிப்பகுதியைக் கவனித்தேன். வலது கணுக்காலில் ஒரு ரப்பர் பேண்டு. அதற்கு மேலே துணியில் கருப்பாகக் கிரீஸ் தீற்றல்.

"நீங்க கடைக்கு எப்படி வர்றீங்க?"

"சைக்கிள்லதான் மேடம்."

"எங்கேருந்து?"

"பெரும்பாக்கத்துலேருந்து."

பெரும்பாக்கத்திலிருந்து மந்தைவெளி. வரைபடத்தில் பாருங்கள், சோழிங்கநல்லூர் வந்து, ஐ.டி. கம்பெனிகள் இருக்கிற அந்த நீண்ட சாலையை முழுக்க மிதித்து, அடையாறு பாலம் ஏறி இறங்கி வர வேண்டும். இருபது கிலோமீட்டருக்குக் குறையாது, திரும்பவும் அதே தூரம். கோப்பில் 'தொழில்: முடிதிருத்துநர்' என்று இருந்தது. சைக்கிளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. என்ன வேலை என்றுதான் நாம் கேட்கிறோம். அந்த வேலைக்கு எப்படிப் போய்ச் சேருகிறார்கள் என்று கேட்பதில்லை.

"முன்ன ஆத்தங்கரையில இருந்தோம்மா" என்றாள் கஸ்தூரி. "கடைக்கு நடந்தே பூடும். கவருமெண்டுல வீட்ட இடிச்சி அங்க மாத்துனப்பறம்தான் இந்த சைக்கிளு. வெடிகாலையில கட தொறக்கணும், அந்நேரத்துக்கு பஸ்ஸ நம்ப முடியாது."

சைக்கிள் வந்து எவ்வளவு நாளில் விரல் மரத்தது என்று கேட்டேன். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதுவரை அந்த இரண்டையும் யாரும் சேர்த்துப் பார்த்திருக்கவில்லை.

சைக்கிள் ஓட்டி ஒருவருக்கு நிஜமாகவே பலம் போகுமா என்று உங்களில் சிலர் நினைக்கலாம். பெசன்ட் நகர் கடற்கரையிலிருந்து விடியற்காலையில் ஹெல்மெட் போட்டுக் கிளம்பும் சைக்கிள் கூட்டத்துக்கு இந்தத் தொந்தரவு நன்றாகத் தெரியும். அவர்கள் இதைப் பெயர் சொல்லியே பேசிக்கொள்வார்கள். பெரும்பாலும் கையை உதறினால் போய்விடும். தாமுவுக்கு அந்தக் கட்டம் தாண்டியிருந்தது. கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒரு காகிதத்தைக் கொடுத்துப் பிடிக்கச் சொல்லி இழுத்தேன். இடது கையிலிருந்து காகிதம் கிழிந்துதான் வந்தது. வலது கையிலிருந்து வழுக்கிக்கொண்டு வந்தது. அந்த இடத்துத் தசையில் லேசான பள்ளம் விழத் தொடங்கியிருந்தது.

அந்தப் பள்ளம்தான் என்னைப் பயமுறுத்தியது. தசை கரையத் தொடங்கிவிட்டால் நாள் கடத்துவது ஆபத்து. நான் வாயை மூடிக்கொண்டு இருந்தால் அடுத்த வாரம் முழங்கையைத் திறப்பார்கள். தொந்தரவு மணிக்கட்டில் இருந்தால் அதில் பயனில்லை. கை கட்டோடு பல வாரம் வேலை இல்லாமல் இருந்துவிட்டு, பிறகு மறுபடி அதே சைக்கிளில் ஏறுவார். மாறாக, நான் தடுத்து, என் கணக்கு தப்பாகிவிட்டால், கத்திரி பிடிக்கிற கையை நான் கெடுத்தவளாவேன். அறையில் உட்கார்ந்து யோசிக்கும்போது இரண்டு பக்கமும் ஒரே எடையாகத்தான் தெரிந்தது.

மதியம் மருத்துவரைப் போய்ப் பார்த்தேன்.

"புறங்கை நார்மலா இருக்கு. பேஷன்ட் தினமும் ரொம்ப தூரம் சைக்கிள் ஓட்டறார். எனக்கு மணிக்கட்டு மேலதான் சந்தேகம்" என்றேன்.

அவர் கோப்பைப் புரட்டினார். "சைக்கிள்னு எங்கயுமே இல்லையே."

"இன்னிக்குத்தான் தெரிஞ்சுது."

"புறங்கையை நானும் பார்த்தேன். கொஞ்சம் குறைவா இருந்த மாதிரி பட்டுது." கோப்பை மூடி வைத்தார். "மேடம், தசை வத்த ஆரம்பிச்சிருக்கு. தள்ளிப்போட்டு இன்னும் வீக் ஆச்சுன்னா?"

"மூணு வாரம் குடுங்க. வாராவாரம் நானே அளக்கறேன். துளி குறைஞ்சாலும் அன்னிக்கே உங்ககிட்ட அனுப்பிடறேன்."

"மூணு வாரம். அதுக்கு மேல ஒரு நாள் கூட இல்ல" என்றார். அவர் முகத்தில் கோபம் இல்லை. என்னைப் போலவே அவரும் அந்தக் கையை நினைத்துக்கொண்டிருந்தார்.

முதலில் நான் சொன்னது நீங்களும் சொல்லியிருக்கக்கூடியதுதான்: சைக்கிளை நிறுத்துங்கள். தாமு தலையாட்டிவிட்டுப் போனார். அடுத்த வாரம் வந்தபோது பலம் அப்படியே இருந்தது, குறையவில்லை. ஆனால் அவர் முகம் வாடியிருந்தது.

"ரெண்டு நாளு பஸ்ஸுல வந்தேன் மேடம். ரெண்டு நாளும் லேட்டு. காத்தால வர்ற கஸ்டமருங்க பூட்டிகீற கடையப் பாத்துட்டு பூட்டாங்க. ஓனரு காலைல தொறக்கறதுக்கு வேற ஆளப் போட்டுர்றேன்னாரு. அப்பறம் எங்க, சைக்கிள எட்த்துட்டேன். உங்க கைல பொய் சொல்ல வோணாம்னு சொல்றேன்."

அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. கடைப்பிடிக்க முடியாத ஒன்றைச் சொல்லிவிட்டு, அவர் கடைப்பிடிக்கவில்லை என்று நாம் எழுதிவைப்பதில் அர்த்தமில்லை. சைக்கிள் இருக்கும் என்று வைத்துக்கொண்டே யோசிக்க வேண்டும். அதனால் இரண்டாவது வழிக்குப் போனேன். தி. நகரில் வாங்கலாம் என்று சொல்லி, உள்ளங்கையில் தடிமனான மெத்தை வைத்த கையுறையைப் போட்டுக்கொள்ளச் சொன்னேன்.

அடுத்த வாரம் வலது கை முன்பைவிட மோசமாக இருந்தது. கொஞ்சம்தான். ஆனால் மோசம். கையுறையைக் கையில் வாங்கி அழுத்திப் பார்த்தேன். நல்ல தரமானதுதான். பிரச்சினை என்னவென்றால், பிடி தடித்துவிட்டதால் அவர் விரல்களை இன்னும் இறுக்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. ஏற்கனவே சோர்ந்த கைக்கு நான் வேலையைக் கூட்டியிருந்தேன்.

துளி குறைந்தாலும் அன்றைக்கே அனுப்புகிறேன் என்று சொல்லியிருந்தேன். தொலைபேசியை எடுத்து மருத்துவரிடம் சொன்னேன்.

"வெள்ளிக்கிழமை கூட்டிட்டு வாங்க. சனிக்கிழமை தியேட்டர்ல இடம் வச்சிருக்கேன்" என்றார்.

அன்று திங்கள். நான் தொலைபேசியை வைத்ததும் கஸ்தூரி ஒன்று சொன்னாள். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. டிபன் பையின் கைப்பிடியை முறுக்கிக்கொண்டே சொன்னாள்.

"எனக்கு ஒண்ணுதாம்மா புரியல. ரெண்டு கையாலயும் புட்ச்சிக்கினுதானே ஓட்டுது. இந்தக் கை மட்டும் எப்டி நல்லா கீது?"

நான் நிமிர்ந்து அவளைப் பார்த்தேன்.

வலது கை ஏன் கெட்டது என்று இரண்டு வாரமாக யோசித்துக்கொண்டிருந்தேன். இடது கை ஏன் கெடவில்லை என்று ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. ஒரே சைக்கிள், ஒரே சாலை, ஒரே பள்ளம். ஒரு கையில் காகிதம் நிற்கவில்லை, இன்னொரு கையில் கிழிகிறது. ஏதோ ஒன்று இடது கையைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. அது என்ன என்று தெரிந்தால் வலது கைக்கும் அதைக் கொடுக்கலாம். அந்த நொடியில் எனக்குப் பயம் போய் ஆவல் வந்துவிட்டது. அந்த ஆவல்தான் இந்தத் தொழிலில் என்னை அவ்வளவு வருடம் உட்கார வைத்தது.

தாமு சைக்கிளை மருத்துவமனை வாசலுக்கே கொண்டுவந்திருந்தார். கீழே போய்ப் பார்த்தேன். கியர் வைத்த, நேர் ஹேண்டில் சைக்கிள். அபிராமபுரத்திலிருந்து வழக்கமாக அவரிடம் முடி வெட்டிக்கொள்ள வரும் ஒருவர், வெளிநாட்டுக்குப் படிக்கப் போன தன் மகனுடையதைக் கொடுத்திருந்தாராம். பையன் ஆறடி உயரம். தாமு ஏறக்குறைய என் உயரம்தான். ஏறி உட்காரச் சொன்னேன். ஹேண்டில் எட்டத்திலும் தாழ்வாகவும் இருந்தது உண்மை. ஆனால் அவர் உட்கார்ந்த விதம் நேர்த்தியாக இருந்தது. முதுகு நேர், இரண்டு கையும் ஒரே மாதிரி.

நாம் பார்க்கும்போது எல்லோரும் அப்படித்தான் உட்காருவார்கள்.

"தாமு, நான் உங்களை ரோட்டுல பார்க்கணும். என்னிக்குன்னு சொல்ல மாட்டேன். பின்னாடி வந்தா தப்பா நினைக்க மாட்டீங்களே?"

"எதுக்கு மேடம் தப்பா நெனைக்கப் போறேன். ஆனா நான் கொஞ்சம் ஸ்பீடா போவேன்" என்றார். அவர் சிரித்ததை நான் அன்றுதான் முதலில் பார்த்தேன்.

மறுநாள் விடியும் நேரம் அடையாறு சிக்னல் அருகில் ஒரு ஆட்டோவில் உட்கார்ந்திருந்தேன். வேண்டுமென்றேதான் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தேன். அங்கே வரும்போது அவர் பெரும்பகுதி தூரத்தை மிதித்து முடித்திருப்பார். களைத்த உடம்பு பாசாங்கு செய்யாது.

தாமு சிக்னலைத் தாண்டிப் போனார். "அண்ணே, அந்த சைக்கிள் பின்னாடி போங்க" என்றேன்.

ஆட்டோக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "சைக்கிள் பின்னாடியா?"

"ஆமாம். அவர் கையைப் பார்க்கணும்."

"கைல இன்னா வச்சினுகீறான்?"

"ஒண்ணும் இல்ல. எப்படிப் பிடிக்கறார்னு பார்க்கணும். நான் டாக்டர் மாதிரி."

"டாக்டர் மாதிரின்னா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் வண்டியை மெதுவாக்கி, தாமுவின் இடப்பக்கம் கொஞ்சம் பின்னால் கொண்டுவந்தார். பாலத்தில் அவ்வளவாக வண்டிகள் இல்லை. பக்கவாட்டில் நன்றாகத் தெரிந்தது.

இடது கைப்பிடியில் டிபன் பை தொங்கியது. நேற்று கஸ்தூரி முறுக்கிக்கொண்டிருந்த அதே பை. பை ஹேண்டிலின் வெளி ஓரத்தைப் பிடித்துக்கொண்டதால் தாமுவின் இடது கை உள்பக்கமாகத் தள்ளி இருந்தது. பை ஆடும்போதெல்லாம் அவர் கையை எடுத்து அதை நிறுத்தினார். மறுபடி பிடித்தார். பை முழங்காலில் இடித்தது, மறுபடி எடுத்தார். ஒரு தடவை வியர்வையைத் துடைத்தார், அதற்கும் இடது கைதான். அந்தக் கை ஒரே இடத்தில் நிலைத்து இருக்கவே இல்லை.

"அந்தப் பக்கம் போங்க அண்ணே."

ஆட்டோ பின்வாங்கி வலப்பக்கம் வந்தது. வலது கை ஹேண்டிலின் நுனியில் இருந்தது. முழங்கை நேராக, கம்பு போல. மணிக்கட்டு பின்னால் மடிந்து, உள்ளங்கையின் அடிப்பகுதி முழு எடையையும் வாங்கிக்கொண்டிருந்தது. சீட்டின் மூக்கு கீழே சாய்ந்திருந்ததால் அவர் முன்னால் வழுக்கிக்கொண்டே இருந்தார். வழுக்கும் உடம்பை அந்தக் கைதான் பின்னால் தள்ளியது. பாலத்தின் இணைப்புகளில் சக்கரம் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் அதிர்ச்சி நேராகத் தோள் வரை போனதை என்னால் பார்க்க முடிந்தது. பாலம் முழுக்க அந்தக் கை அசையவே இல்லை. இரண்டு விரல்கள் பிரேக் மேலேயே இருந்தன.

ஏன் அந்தக் கையை எடுக்கவே மாட்டேன் என்கிறார்?

"லெப்டு பிரேக் ஒயரு அந்துபோய்கீதும்மா" என்றார் ஆட்டோக்காரர். அவரும் கவனித்துக்கொண்டுதான் வந்திருக்கிறார். "தொங்குது பாருங்க."

வலது பிரேக் மட்டும்தான் வேலை செய்தது. லாரியும் பஸ்ஸும் உரசிப்போகும் சாலையில் அந்தக் கையை எடுப்பது எப்படி? அவர் பிடித்திருந்தது ஹேண்டிலை அல்ல, உயிரை.

கடை வாசலில் அவர் இறங்கியதும் நானும் இறங்கினேன். "கையைக் காட்டுங்க" என்றேன். உள்ளங்கையின் அடியில், சுண்டு விரல் பக்கம், சிவப்பாக அழுந்திய தழும்பு. இடது கையில் எதுவும் இல்லை. பார்த்ததைச் சொன்னேன். அவர் இரண்டு கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப கஸ்தூரி கட்டிக் குட்த்த சோறுதான் இந்தக் கையக் காப்பாத்திக்கினு கீதா மேடம்?"

"சோறு இல்ல. அது ஆடினது."

உடனே அவர், "பை தொல்லையா கீது, கேரியர்ல கட்டிர்லாம்னு இருந்தேன்" என்றார். நானும் கிட்டத்தட்ட அதைத்தான் சொல்ல வாயெடுத்தேன். ஹேண்டிலில் பை தொங்கவிடுவது பாதுகாப்பில்லை, பின்னால் கட்டுங்கள் என்று யாரும் சொல்வார்கள். அப்படிச் சொல்லியிருந்தால் இடது கையும் ஒரே இடத்தில் நின்றிருக்கும். ஒரு கையோடு போயிருக்க வேண்டியது இரண்டாகியிருக்கும். ஆகவே முதலில் வலது கையை விடுதலை செய்ய வேண்டும், கை வைக்கும் இடத்தை மாற்றும் பழக்கம் வர வேண்டும், பிறகுதான் பை.

கடைக்கு எதிரில் இருந்த சைக்கிள் கடைக்குப் போனோம். இடது பிரேக்குக்குப் புது ஒயர் போடப்பட்டது. நேர் ஹேண்டிலைக் கழற்றிவிட்டு, உயரமாக, கைப்பக்கம் வளைந்து வரும் பழைய மாதிரி ஹேண்டில் ஒன்றைப் போட்டார்கள். சீட்டைத் தட்டையாக்கினார்கள். ஏறி ஓட்டிக் காட்டினார். முழங்கை மடிந்தது. மணிக்கட்டு நேராக இருந்தது. கையுறையை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

"கை வைக்கற இடத்தை அடிக்கடி மாத்தணும். ரெண்டு கையும். எப்ப மாத்தறதுன்னு நீங்களே ஒரு அடையாளம் வச்சுக்குங்க" என்றேன்.

அவர் யோசித்தார். "பஸ் ஸ்டாப்பு வந்தா மாத்தறேன் மேடம். அந்த ரோட்டுல அதுக்குப் பஞ்சமே இல்ல. பஸ்ஸுதான் வராது."

வெள்ளிக்கிழமை வந்தது. உண்மையைச் சொல்கிறேன், பலத்தில் எந்த முன்னேற்றமும் இல்லை. மூன்று நாளில் நரம்பு தேறாது என்று உங்களுக்கே தெரியும். காகிதம் அன்றும் வழுக்கிக்கொண்டுதான் வந்தது. மாறியிருந்தது ஒன்றுதான். முன்பெல்லாம் கடைக்கு வந்து மதியம் வரை விரல் கட்டை போல இருக்கும், இப்போது முதல் ஆளுக்கு வெட்டி முடிப்பதற்குள் உணர்ச்சி வருகிறது என்றார் தாமு. அது ஒரு நோயாளியின் வார்த்தை. என் கருவி எதுவும் அதைக் காட்டவில்லை. மறுநாள் தியேட்டரில் இடம் இருந்தது.

மருத்துவர் அறையில் நான் பாலத்தில் பார்த்ததை வரிசையாகச் சொன்னேன். பை, பிரேக், சீட்டின் மூக்கு. கஸ்தூரி கேட்ட கேள்வியையும் சொன்னேன். மருத்துவர் கேட்டுக்கொண்டே கோப்பின் ஓரத்தில் குறித்துக்கொண்டார். பிறகு பஞ்சைத் திரித்து, தாமுவின் புறங்கையைத் தானே மறுபடி பார்த்தார். அவசரமில்லாமல், இரண்டு கையையும் மாறி மாறி, நீண்ட நேரம். தாமு கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு தடவையும் சொல்லிக்கொண்டே வந்தார். ஒன்றுகூடத் தவறவில்லை.

"நார்மல்தான்" என்றார் மருத்துவர். பஞ்சைக் குப்பையில் போட்டார். "நாளைக்கு முழங்கையைத் திறக்கலை. மணிக்கட்டுல நெர்வ் டெஸ்ட் திரும்பப் பண்ணுவோம். அங்க தெரிஞ்சா, இன்னும் ஆறு வாரம் பார்க்கலாம். தேறலைன்னா மணிக்கட்டுல நான் பண்ண வேண்டியிருக்கும். சரியா?"

"சரி டாக்டர்" என்றார் தாமு.

வெளியே வந்ததும் கஸ்தூரி என்னிடம், "நாளைக்கு இல்லன்னா, சமைக்கணும்" என்றாள். அவள் சமையல் வேலை செய்யும் வீடுகளில், அறுவை சிகிச்சைக்காக லீவு சொல்லியிருந்தாளாம். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பஸ்ஸு பூடும், வா" என்று அவரை இழுத்துக்கொண்டு போனாள்.

பரிசோதனையில் அழுத்தம் மணிக்கட்டில்தான் என்று தெரிந்தது. அடுத்த வாரங்களில் காகிதத்தை இழுத்து இழுத்துப் பார்த்தேன். முதலில் வழுக்கியது. பிறகு தயங்கியது. ஒரு நாள் நடுவில் கிழிந்தது. தாமு கிழிந்த பாதியை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அறுவை சிகிச்சை தேவைப்படவில்லை. தசையில் விழுந்த பள்ளம் மெல்ல நிரம்பியது, முழுதாக இல்லை. சுண்டு விரலின் நுனி இன்றும் கொஞ்சம் மந்தம்தான். அதை அவர் பழகிக்கொண்டார். கத்தியையும் மறுபடி எடுத்துவிட்டார்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். மீதிப் பாதிப் பேருக்கு ஏன் சரியாகவில்லை? எனக்குப் பொதுவான பதில் தெரியாது. ஒருவருக்கு பிரேக் ஒயராக இருக்கும். இன்னொருவருக்குச் சீட்டாக இருக்கும். மற்றொருவர் எதையோ பயந்து இறுக்கிப் பிடிப்பார். ஹேண்டில் உயரமும் கையுறையும் பெரும்பாலும் உதவும். உதவாதபோது அறிவுரையைத் திரும்பச் சொல்லாதீர்கள். எழுந்து போய்ப் பாருங்கள். மருத்துவமனைக்கு வெளியேதான் அவர்களுக்குக் கை மரத்துப் போகிறது.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்பு தாமு ஒருநாள் வந்தார். தனக்காக இல்லை. கூடவே பாட்ஷா என்ற ஒருவரைக் கூட்டிவந்திருந்தார். பெரும்பாக்கத்தில் அதே பிளாக்கில் இருப்பவர், தண்ணீர் கேன் போடுபவர். அவருக்கும் கை மரத்துப் போகிறது.

"எல்லாரும் எனக்கு ஆன மாதிரிதான்னு சொன்னாங்க மேடம். ஹேண்டில மாத்து, பூடும்னாங்க" என்றார் தாமு. "ஆனா எனக்கு சுண்டு வெரலு. இவனுக்கு கட்ட வெரலு பக்கம். அதுவும் வண்டி ஓட்டறப்ப இல்லையாம், தூங்கி எந்திரிக்கறப்பதான். இது வேற ஏதோ கீது. எனக்குப் புரில, அதான் கூட்டினு வந்தேன்."

பாட்ஷா இரண்டு கையையும் என் மேஜை மேல் வைத்தார். கேன் தூக்கித் தூக்கிக் காய்த்துப்போன கைகள். தாமு போகாமல் பக்கத்திலேயே நின்றார், என்ன கேட்கப்போகிறேன் என்று பார்க்க.

என்ன கேட்கப்போகிறேன் என்று எனக்கும் அப்போது தெரியவில்லை. நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.